கறுத்தக் கொப்பியின் பதினேழாம் பக்கம்

கந்தசஷ்டியின் ஆறாம் நாள், சூரன்போர் நாள் காலை. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், ஒரு வீட்டின் முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தும், ஒரு கைப்பையும், வழிகாட்டி நாய்க்குப் பூட்டுகின்ற கைபிடி வாரும் ஒரு மணித்தியாலமாகக் காத்திருந்தன.

சண்முகநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பதினொரு மணிக்கு அவருடைய மகள் நிலாணி பக்கத்து நகரமான மார்க்கத்தில், ஒரு கல்லூரியின் மாடி அறையில், ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு வழி சொல்லும் ஆலோசகர் வேலை. கண் பார்வை போய், கணித ஆசிரியர் வேலையும் போய், ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வாசல் வரை வந்திருக்கும் வேலை.

சென்ற கிழமையும் இதே வேலைக்குத்தான் புறப்பட்டாள். அழைத்த இரண்டு கார்கள் வீட்டு வாசல் வரை வந்தன. அவளுக்குப் பக்கத்தில் நின்ற நாயைக் கண்டன. கதவைத் திறக்காமலே போய்விட்டன. மூன்றாவது கார் கொண்டுபோய்ச் சேர்த்தபோது தேர்வுக் குழு எழுந்து போயிருந்தது. கல்லூரி இரக்கப்பட்டு இன்றைய நாளைத் தந்தது. இன்னொரு நாள் தர இயலாது என்பதையும் மரியாதையான ஆங்கிலத்தில் அதே கடிதத்தில் எழுதியிருந்தது.

இருபத்தாறு ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டி இந்த நகரத்தின் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் ஏற்றி இறக்கிய சண்முகநாதனுக்குச் சொந்த மகளை ஏற்றிப் போக வழியில்லை. நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. ஆறு கிழமைக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை.

"அப்பா, எட்டேகால் பஸ்ஸைப் பிடிச்சிருந்தால் இப்ப நான் அங்கை இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டிருப்பன்." நிலாணியின் குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கு முந்திய நிதானம் இருந்தது.

"ரெண்டு பஸ் மாறி இடிபட்டுப் போய் இன்ரவியூவிலை இருக்கப் போறியே? நான் ஆள் ஒழுங்குபடுத்தியிருக்கிறன் எண்டு சொன்னனான்தானே."

"எந்த ஆள்?"

"எங்கடை ஆள்."

எங்கடை ஆள்! அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் அவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தார். வேலை தந்தவன் எங்கடை ஆள். வாடகைக்குக் கையெழுத்து வைத்தவன் எங்கடை ஆள். வெள்ளைக்காரனும் வேறு நாட்டவனும் நாயைக் கண்டு ஓடலாம். எங்கடை ஆள் எங்கடை பிள்ளையைத் தெருவில் விடமாட்டான். நேற்று மாலை ஒஷாவா நகரிலிருக்கும் பழைய ராக்ஸிக் கூட்டாளி அருள்நாயகத்தைத் தொலைபேசியில் பிடித்து, நல்ல பெடியன் ஒருவனை அனுப்பும்படி கேட்டார். அருள்நாயகமும் அனுப்புவதாகச் சொன்னார்.

"நாய் வருது எண்டு சொன்னீங்களோ?" என்று நிலாணி கேட்டாள்.

சண்முகநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார். அது துடைக்கப்படவேண்டிய நிலையில் இல்லை.

"சொல்லேல்லை," என்று குசினி அடுப்பருகிலிருந்து மனைவி மங்கையற்கரசி பதில் சொன்னார். ஆறு நாள் உபவாசத்தில் அவருடைய முகம் மெலிந்திருந்தது, நாக்கு மெலியவில்லை. "இவர் கண்ணாடி துடைச்சால் அண்டைக்கு ஏதோ ஒண்டை மறைக்கிறார் எண்டு அர்த்தம். நாப்பத்திரண்டு வருசமாப் பாக்கிறன்."

பெயர் சொல்லாமலே தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்ததுபோல், பொன்னிற மயிர் கொண்ட லாப்ரடோர் நாய் தலையை நிமிர்த்தியது. பெயர் பார்லி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தபோது, "பார்லியோ? அது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற தண்ணியெல்லோ!" என்று கேட்டவர் மங்கையற்கரசி. அன்று நாய் உள்ளே வந்தது. மகன் வெளியே போனான். "இந்த வீட்டிலை நாய்க்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை" என்று சொல்லிவிட்டுப் போன சுலக்சன், ஒஷாவாவில் ஏதோ பொருட்களஞ்சியத்தில் வேலை செய்வதாகக் கேள்வி. பெற்றவர்களோடும் தமக்கையோடும் பேச்சு இல்லை.

சண்முகநாதன் யன்னலோரம் போய் நின்றார். ஈர இலைகள் தெருவை மூடியிருந்தன. மஞ்சள் விளக்கு வைத்த காரை எதிர்பார்த்து நிற்பது அவருக்குப் புதிய அனுபவம். அந்தக் காருக்குள் இருந்து தெருவைப் பார்த்த காலம் கண்ணுக்குள் வந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நாலு. வெலஸ்லி வீதிப் பக்கம், பத்தொன்பதாம் மாடி, ஓர் அறை வீடு. லிஃப்ட் பழுதானால் மாவு மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறிய காலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. பாத்திரம் கழுவியவனும், தொழிற்சாலையில் பெட்டி மடித்தவனும், ஊரில் வாத்தியாராக இருந்துவிட்டு இங்கே நிலம் துடைத்தவனும் ராக்ஸி ஓட்டும் அனுமதிப் பத்திரம் எடுக்க வந்து குவிந்திருப்பார்கள். எல்லோருக்கும் நடுவில் சண்முகநாதனின் கறுத்தக் கொப்பி விரிந்திருக்கும்.

கறுப்பு மட்டை போட்ட, நூற்றிருபது பக்கக் கொப்பி. எந்த வைத்தியசாலைக்கு எந்தப் பக்கத்தால் போவது, விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது, குடித்துவிட்டு ஏறியவனை எப்படி அமைதிப்படுத்துவது, பொலிஸ் மறித்தால் கையை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் அவர் தமிழில் எழுதினார். சொல்லவேண்டிய ஆங்கில வசனங்களை மட்டும் எட்டு வயது நிலாணி உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வீட்டில் பிழையில்லாத ஆங்கிலம் அவளுடையதுதான்.

எழுத்தோடு நடிப்பும் நடந்தது. சாப்பாட்டு மேசைக் கதிரைதான் கார். அலுமினியத் தட்டுத்தான் ஸ்டியரிங். ஐந்து வயதுச் சுலக்சன் சாரதியாக ஏறி இருப்பான். இழுப்பு நோயுள்ள பிள்ளை. மூச்சு எடுக்கும்போது சின்ன விசில் ஒன்று கேட்கும். அவன் தட்டைத் திருப்பி, கண்ணை உருட்டி, இரண்டு தரம் பொய்யாக இருமிக் காட்டினால் அந்த அறை சிரிப்பால் அதிரும். பெரியவர்கள் கைதட்டுவார்கள். அருள்நாயகம் அவனைத் தூக்கித் தோளில் வைப்பார். மங்கையற்கரசி தேத்தண்ணீர் நிரப்பிக்கொண்டே சிரிப்பார்.

அந்தக் கொப்பி படியெடுக்கப்பட்டது. படிக்குப் படி பிறந்தது. அதைப் படித்துப் பத்திரம் எடுத்தவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். பல்கலைக்கழகம் போகாத சண்முகநாதன், ஒரு சமூகத்துக்குப் பாடநூல் எழுதினேன் என்று நெஞ்சுக்குள் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை முப்பது ஆண்டுகளாகப் பழுதில்லாமல் இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

"வந்திட்டான்! நான் சொன்னனான்தானே!" சண்முகநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

இறங்கி வந்தவனுக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயது இருக்கலாம். நெற்றியில் திருநீறு. காரின் முன்பலகையில் முருகன் படம், புதுப் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். கர்ப்பூர மணம் கதவுக்கு வெளியே வந்தது.

"வணக்கம் அங்கிள். மிதுனன். அருள்நாயகம் அங்கிள் அனுப்பினவர். அக்காவோ மார்க்கம் போறது?"

"ஓம் தம்பி. இஞ்சை வாறா."

நிலாணி கதவைக் கடந்து வந்தாள். இடக்கையில் கைபிடி. கைபிடியின் மறுமுனையில் பார்லி. இரண்டு படி இருக்கிறது என்று நாய் நின்று உணர்த்தியது; அவள் காலால் தடவி இறங்கினாள்; நாய் நேராகக் காரின் பின்கதவுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

மிதுனன் ஓர் அடி பின்னே போனான்.

பிறகு இருமினான். ஒரு தரம். சிறு இடைவெளி. இன்னொரு தரம்.

"சொறி மேடம். சிவியர் அலேர்ஜி. அனதர் கார் இஸ் கமிங் பிஹைண்ட் மீ." கடும் ஒவ்வாமை, பின்னால் வேறு கார் வருகிறது என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, வலக்கையை நீட்டித் தனக்குப் பின்னால் தெருவைக் காட்டினான்.

தெருவில் கார் ஒன்றும் இல்லை.

சண்முகநாதன் இருமியவனின் முகத்தையே பார்த்தார். அந்த இருமல்! அந்த இடைவெளி! அந்த வசனம்! அவருடைய கொப்பியின் பதினேழாம் பக்கம் சட்டை போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, அவருடைய மகளின் முன்னால் வந்து நின்றது.

"உமக்கு அலேர்ஜியோ தம்பி?" என்று மங்கையற்கரசி வாசற்படியில் நின்று கேட்டார்.

மிதுனன் தமிழுக்குத் திரும்பினான். "உண்மையைச் சொல்லுறன் அன்ரி, குறை நினையாதேங்கோ. இண்டைக்குச் சூரன்போர். ஆறு நாள் விரதம். பின்னேரம் இந்தக் காரிலைதான் கோயிலுக்குப் போறன். நாய் ஏறினால் தீட்டெல்லோ?"

"நானும் ஆறு நாளாத் தண்ணியும் பழமும்தான். இந்தப் பிள்ளை என்ரை குசினி வாசல்லை படுத்திருக்கு. என்ரை விரதம் இன்னும் முறியேல்லை. உம்மடை விரதம் என்ன அப்பளமே, தொட்டவுடனை நொறுங்க?"

மிதுனனுக்கு முகம் சிவந்தது. "நானா அன்ரி கண்டுபிடிச்சனான்? ராக்ஸி ஓட வாற எல்லாருக்கும் இதுதான் சொல்லிக் குடுக்கிறது. பழைய ஆக்கள் எழுதி வைச்சிருக்கினம்." காருக்குள் குனிந்து, கையுறைப் பெட்டியைத் திறந்து, ஓரம் மடங்கிய ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தான். "இஞ்சை பாருங்கோ. கறுத்தக் கொப்பி. ரொறன்ரோவிலை ஓடுற எங்கடை ஆக்களுக்கு வேதப் புத்தகம் மாதிரி. பதினேழாம் பக்கம்."

மங்கையற்கரசி வாங்கினார். படியின் படியாகி மை மங்கியிருந்தாலும் கணவனின் சாய்ந்த எழுத்து அடையாளம் தெரிந்தது. அவர் வாய்விட்டு வாசித்தார்.

"நாயோடு குருடர் வந்தால் ஏற்றாதே. கார் நாறும், சாமி படம் இருக்கிறது. சண்டை பிடியாதே. முதலில் இரண்டு தரம் இருமு. பிறகு கீழேயுள்ள வசனத்தைச் சொல். பின்னால் கையைக் காட்டு. பின்னால் கார் வராது. அதற்குள் நீ போய்விடுவாய்."

வாசிப்பு நின்றது. அவருடைய விரல் கீழே ஆங்கில வசனத்தின்மேல் இருந்தது. உருண்டை உருண்டையான எழுத்துகள்.

"இஞ்சருங்கோ," என்றார் மெல்ல. "உது பிள்ளையின்ரை எழுத்தெல்லோ?"

சண்முகநாதன் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

எந்த நாளில் எழுதினார் அந்தப் பக்கத்தை? அதுவும் ஒரு சஷ்டி விரத நாள்தான். வைத்தியசாலை வாசல், மத்தியானம், முதற்பனி. வயது போன ஒரு வெள்ளைக்காரர், கறுப்பு நாய். சண்முகநாதன் இரண்டு தரம் இருமினார். பின்னால் கார் வருகிறது என்றார். "நன்றி, நான் காத்திருக்கிறேன்" என்று அந்த மனிதர் சொன்னார். அவர் நன்றி சொன்னார்! சந்தியில் திரும்பும்போது காரின் கண்ணாடியில் பார்த்தார். அந்த மனிதர், கார் வரப்போகிற திசைக்கு முகத்தைத் திருப்பி, தொப்பியில் பனி விழ, நேராக நின்றுகொண்டிருந்தார். அன்றிரவு அதைத் தன் கெட்டித்தனமாகச் சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதினார். வசனத்தை எழுத மகளைக் கூப்பிட்டார். மகனுக்கு இருமப் பழக்கினார்.

சட்டம் அன்றும் இருந்தது. இன்று இன்னும் உரமாக இருக்கிறது. வழிகாட்டி நாயோடு வருபவரைச் சாரதி ஏற்றியே ஆகவேண்டும். ஒவ்வாமை என்றால் வைத்தியச் சான்று வேண்டும். காகிதத்தில் எழுதிய நீதியைக் காகிதத்தில் எழுதிய தந்திரம் முப்பது ஆண்டுகளாகத் தோற்கடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்தத் தந்திரத்தை எழுதிய கை தன்னுடையது.

"தம்பி," என்றார் சண்முகநாதன். "அந்தக் கொப்பியை எழுதினது நான்."

மிதுனன் அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்களோ அங்கிள்? அப்ப... நீங்களே எழுதிப்போட்டு..."

"ஓம். நானே எழுதினனான். பிள்ளை, நான்..." மகளின் பக்கம் திரும்பினார். அவளுக்குத் தன் முகம் தெரியாது என்பது அந்த நேரத்தில் ஒரு சலுகையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டார்.

"எனக்குத் தெரியும் அப்பா," என்றாள் நிலாணி.

"என்ன தெரியும்?"

"எழுதினது நான்தானே. சிவியர் எண்டு போட்டால்தான் நம்புவினம் எண்டு உங்களுக்குச் சொன்னதே நான். எட்டு வயசிலை அவ்வளவு பெருமை எனக்கு." அவள் பார்லியின் காதைத் தடவினாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தி, வெள்ளைத்தடி போய்ப் பார்லி வந்த புதுசிலை, டவுன்ரவுணிலை ஒரு ராக்ஸிக்காரர் ரெண்டு தரம் இருமினார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு வசனம் வந்தது. லைக் வேர்ட் ஃபோர் வேர்ட், சொல்லுக்குச் சொல் அதே. பிறகு நான் அங்கை நிண்டன். பின்னாலை கார் வராது எண்டு தெரிஞ்சுகொண்டே கொஞ்ச நேரம் நிண்டன்."

"ரெண்டு வருசமா... ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அந்தக் கொப்பியைப் பற்றிக் கதைக்கேக்கை உங்கடை குரல் நல்ல வடிவா இருக்கும் அப்பா. எனக்கு இப்ப குரல்தானே முகம். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

மங்கையற்கரசி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். உள்ளே கடிகாரம் பத்தரைக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

மிதுனன் திடீரென்று பின்கதவைத் திறந்தான். "அக்கா, ஏறுங்கோ. நேரம் போகுது."

நிலாணி ஏறவில்லை. "ஒண்டு சொல்லுறன், கேட்டிட்டு முடிவெடுங்கோ. நான் முறைப்பாடு செய்வன்."

"ஏத்திறன் எண்டாப் பிறகுமோ?"

"ஏத்திறது உங்கடை வேலை. மறுத்ததும் நடந்ததுதானே? ஏத்தினதையும் எழுதுவன், மறுத்ததையும் எழுதுவன். எனக்கு இரக்கம் வேண்டாம், கதவு திறக்க வேணும். எனக்கு மட்டுமில்லை, அடுத்த ஆளுக்கும்."

கதவுப்பிடியில் வைத்த கையோடு மிதுனன் நின்றான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அனுமதிப் பத்திரத்துக்கு என்ன நடக்குமோ! முன்பலகையில் இருந்த முருகன் படத்தை ஒருதரம் பார்த்தான். அந்த முகத்திலிருந்து அவனுக்கு ஆதரவாக ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

"எழுதுங்கோ அக்கா," என்றான். "இப்ப ஏறுங்கோ."

பார்லி முதலில் ஏறவில்லை. அவள் ஏறி அமர்ந்த பிறகே ஏறி, அவள் காலடியில் சுருண்டு, வாலையும் கதவுக்குள் இழுத்துக்கொண்டது. சண்முகநாதன் முன் இருக்கையில் ஏறினார். "பார்லி வாந்தி எடுத்தால் எனக்குப் போன் பண்ணுங்கோ, நான் வந்து கழுவுறன்," என்று மங்கையற்கரசி கார் புறப்பட்ட பிறகும் சொல்லிக்கொண்டு நின்றார்.

நீல்சன் வீதியில் ஏறி ஃபின்ச் வீதியில் திரும்பினார்கள். திரும்பும் விளக்கின் டிக் டிக் ஒலி மட்டும் கேட்டது. அந்த ஒலி சண்முகநாதனை வேறொரு காருக்குள் கொண்டுபோய் வைத்தது. ஞாயிறு காலைகள். ஓட்டம் குறைந்த நேரத்தில் மகளை முன் இருக்கையில் வைத்து நகரத்தைச் சுற்றுவார். அவள் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்வாள். எங்கே திரும்புகிறோம், எந்தத் தெரு என்று சொல்லவேண்டும். அது அவளே கண்டுபிடித்த விளையாட்டு. பத்தில் எட்டுச் சரியாகச் சொல்லுவாள். இரண்டு பிழைக்கும் அவர்தான் கள்ளமாக வேறு தெருவால் போயிருப்பார்.

பின்னால் இருந்து குரல் வந்தது. "மார்க்கம் ரோட்டிலை ஏறியாச்சு."

சண்முகநாதன் வெளியே தெருப் பலகையைப் பார்த்தார். "சரி," என்றார்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"ஸ்டீல்ஸ் தாண்டியாச்சு."

"சரி."

"இப்ப இடப்பக்கம் திரும்பப்போறார். ஃபோர்ட்டீன்த் அவெனியூ."

"அக்காவுக்கு எப்பிடித் தெரியுது அங்கிள்?" மிதுனன் வியந்தான். "எனக்கு ஜிபிஎஸ் சொன்னாலும் பிழைக்குது."

"அவ ஞாயிற்றுக்கிழமைகளிலை படிச்சது தம்பி," என்றார் சண்முகநாதன். பின்னால் நிலாணி சிரிப்பது கேட்டது. வீட்டு வாசலில் நடந்த அத்தனைக்கும் பிறகு அந்தச் சிரிப்பு வந்ததே என்று அவர் நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கல்லூரி வாசலில் கார் நின்றது. பார்லி முன்னே, நிலாணி பின்னே. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது.

மிதுனன் மீட்டரை நிறுத்தினான். "நான் நிக்கிறன் அங்கிள். திருப்பிக் கொண்டுபோய் விடுறன்."

இருவரும் முன்கண்ணாடியில் விழும் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்முகநாதன் கேட்டார்.

"அந்தக் கொப்பி எத்தினை பேரிட்டை இருக்கும்?"

"காகிதமா எண்டால் குறைவு. வாட்சப் குழுவிலை எல்லாப் பக்கமும் படமா இருக்குது. நானூறு பேருக்கு மேலை. மல்வேர்ன், மார்க்கம், ஒஷாவா எண்டு எல்லா இடமும் எங்கடை ஆக்கள்தான். புதுசாச் சேருற ஒவ்வொருத்தருக்கும் முதல்லை அதைத்தான் அனுப்பிறது."

நானூறு பேர். நானூறு வாசல்கள். எத்தனை தெருவோரங்களில் எத்தனை பேர், வராத காரின் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்!

"அந்தக் குழுவுக்கு நான் கதைக்க ஏலுமோ?"

மிதுனன் தயங்கினான். பிறகு அவரைக் குழுவில் சேர்த்து, அவருடைய தொலைபேசியில் குரல் பதியும் இடத்தைக் காட்டிக் கொடுத்தான். சண்முகநாதன் பெருவிரலை அதன்மேல் அழுத்தினார்.

"வணக்கம். என்ரை பேர் சண்முகநாதன். நீங்கள் வைச்சிருக்கிற கறுத்தக் கொப்பியை எழுதினது நான். அதிலை பாதை சொன்ன பக்கமெல்லாம் சரி. பதினேழாம் பக்கம் பிழை. பிழை மட்டுமில்லை, அநியாயம். நான் இருமி விட்டிட்டுப் போன ஒரு மனுசன் முப்பது வருசமா என்ரை கார்க் கண்ணாடிக்குள்ளை நிக்கிறார். இண்டைக்கு என்ரை மகளைப் பாத்து ஒருத்தர் அதே மாதிரி இருமினார். என்ரை மகளுக்குக் கண் தெரியாது. அவவின்ரை நாய்தான் அவவின்ரை கண். கண்ணைக் கழட்டி வாசல்லை வைச்சிட்டுக் காரிலை ஏறு எண்டு ஆரும் சொல்லுவினமோ? பதினேழாம் பக்கத்தைக் கிழியுங்கோ. நாயோடை ஆள் நிண்டால் நிப்பாட்டுங்கோ. கதவைத் திறவுங்கோ. எழுதின நான் சொல்லுறன்."

விரலை எடுத்தார். செய்தி போயிற்று.

பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் கட்டைவிரல் உயர்த்தினார். ஒருவர், 'அண்ணை, கார் கழுவுற காசை நீங்கள் தருவியளோ?' என்று எழுதினார். இன்னொருவர், 'என்ரை அம்மாவுக்கும் கண் மங்குது அண்ணை. கிழிச்சிட்டன்' என்றார். அருள்நாயகம், 'சண்முகம், ஒப்பரேசன் செய்த நெஞ்சு. பேசாமல் இரடாப்பா' என்று எழுதியிருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு நிலாணி வந்தாள். காருக்குள் ஏறியதும் சப்பாத்தைக் கழற்றினாள்.

"என்ன மாதிரிப் பிள்ளை?"

"நல்லாக் கேட்டினம். நல்லாச் சொன்னன். வெள்ளிக்கிழமைக்குள்ளை அறிவிப்பினமாம்." அவள் மூச்சு விட்டாள். "நேரத்துக்கு வந்தபடியால் நான் சொன்னதைத்தான் கேட்டினம் அப்பா. ஏன் பிந்தினாய் எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை."

அந்த வேளையில் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. குழுவில் ஒரு குரற்செய்தி. பெயர் இல்லாத இலக்கம். நீளம் மூன்று விநாடி. சண்முகநாதன் அழுத்தினார்.

இருமல். ஒரு தரம். சிறு இடைவெளி. இன்னொரு தரம்.

அவ்வளவுதான்.

"சேட்டைக்காரர் அங்கிள்," என்று மிதுனன் சங்கடப்பட்டான். "பகிடிக்குப் போடுவினம். விடுங்கோ."

"அப்பா," என்றாள் நிலாணி. குரல் மாறியிருந்தது. "இன்னொருக்கால் போடுங்கோ."

போட்டார். இரண்டு இருமலுக்கும் நடுவில், மூச்சு எடுக்கும் இடத்தில், சின்னஞ்சிறிய விசில் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் மாடியில், அலுமினியத் தட்டைப் பிடித்துக்கொண்டு, கைதட்டலுக்காகக் காத்திருந்த அதே விசில்.

"எங்கடை சுலக்சன்," என்றாள் நிலாணி.

சண்முகநாதன் மிதுனனைப் பார்த்தார். "இந்த நம்பர் ஆர்?"

"உவரோ? ஒஷாவாவிலை ஓடுறவர். ரெண்டு வருசமாக் குழுவிலை இருக்கிறார். கன கதை இல்லை. ஏன் அங்கிள், தெரிஞ்ச ஆளோ?"

பொருட்களஞ்சியம் என்றல்லவா கேள்வி! அப்படியானால் இந்த இரண்டு ஆண்டுகளாக அவனும் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான். யாருடைய மகளைப் பார்த்து அவன் இருமினான்? இது தகப்பனைப் பார்த்துச் சிரிக்கிற இருமலா, தகப்பனைக் கூப்பிடுகிற இருமலா? சண்முகநாதனுக்குத் தெரியவில்லை.

அவர் அந்த இலக்கத்தை அழுத்தினார். மணி போயிற்று. இரண்டு தரம் போயிற்று. மூன்றாம் தரத்தில் மறுமுனையில் எடுத்தார்கள்.

மூச்சு மட்டும், மெல்லிய விசிலோடு, வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. காலடியில் கிடந்த பார்லி தலையை உயர்த்தி, அந்த ஒலி வந்த பக்கம் காதைத் திருப்பியது.